இருபத்திரண்டு நிமிடப் பொய்

அத்தியாயம் 7

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். சோடாபுட்டிக்கு ஜோக் வரும். அன்று மதியம் ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் அவன் பதினேழு ஜோக் சொல்லியிருந்தான். ஒன்றுக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

"லிஃப்ட் சோதனைக் கம்பெனிக்குள்ள மாடிப்படி ஏறி வர்ற முதல் ஆளுங்க நாமதான் மேடம்," என்றான் ஐந்தாவது மாடியில், மூச்சு வாங்கியபடி. பதினெட்டு.

"பேசாம ஏறு," என்றார் ஏன் மேடம்.

அந்தப் பெயரை வைத்தவனே சோடாபுட்டிதான். நடந்த தப்பு கம்ப்யூட்டர் செய்ததா, ஆள் செய்ததா என்று கம்பெனிகளுக்குத் துப்பறிந்து சொல்வது அந்த அம்மாளின் தொழில். எதிரே நிற்பவரிடம் "ஏன்?" என்று கேட்டுவிட்டால் பதில் வரும்வரை கண்ணை இமைக்கமாட்டார். சோடாபுட்டி அவருடைய உதவியாளன். வயது முப்பத்துநான்கு. பாட்டிலின் அடிப்பாகம் கனத்துக்குக் கண்ணாடி, கட்டி வைக்க முடியாத வாய். முன்பு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன்.

இன்றைய கேஸில் மாட்டிக்கொண்டிருப்பது அவனுடைய சொந்த அக்கா.

அக்கா இந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக லிஃப்ட் இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் இரும்புக் கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தது. உள்ளே இருந்தது ஒரு டியூஷன் டீச்சர். இரண்டு காலும் நொறுங்கிப் போய் இன்னும் நினைவு திரும்பாமல் கிடக்கிறார். விழுவதற்கு இரண்டு நாள் முன்புதான் அக்கா அந்த லிஃப்டைச் சோதித்திருந்தார். "கயிற்றில் மூன்று இழை அறுந்திருந்தது, ஃபெயில்தான் போட்டேன்" என்கிறார் அவர். கம்பெனியின் கம்ப்யூட்டரோ "பாஸ்" என்கிறது. கீழே அக்காவின் பெயர், ஃபோன் திரையில் அக்கா விரலால் போட்ட கையெழுத்து. மூன்று மணிக்கு விசாரணை. போலீஸ் இன்ஸ்பெக்டரும் வருகிறார். கம்ப்யூட்டர் சொல்வதே உண்மை என்றாகிவிட்டால் அக்கா அங்கிருந்து வீட்டுக்குப் போகமாட்டார்.

ஆறாவது மாடி வராந்தாவில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் அக்கா.

"ஏதாவது சாப்பிட்டியாக்கா?"

"அந்த டீச்சர் கண்ணு முழிச்சாங்களாடா?"

"இன்னும் இல்லக்கா."

அக்கா கைக்குட்டையை நான்காய் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "தம்பி, நானே தப்பா அழுத்திட்டேனோ?"

"என்னக்கா பேசறே நீ!"

"பன்னெண்டு நாளா அதையேதான்டா யோசிக்கிறேன். அந்த புரோகிராம் நீ எழுதினது. அது பொய் சொல்லவே சொல்லாதுன்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க. அது பொய் சொல்லலைன்னா அப்புறம் நான்தானே பொய்?"

உண்மைதான், சோடாபுட்டி சொந்தக்காரர் ஒருவரை விடாமல் சொல்லியிருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் இருந்தபோது அவன் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. ஃப்ரேம்வொர்க் ஒன்றின் மேல் எழுதியது. ஃப்ரேம்வொர்க் என்பது பாதி கட்டின வீடு மாதிரி. சுவர், கூரை, கதவு, பூட்டு எல்லாம் அதைச் செய்தவர்களே தந்துவிடுவார்கள். உள்ளே அறையை மட்டும் நாம் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் போட்ட அறையில் இருநூறு தடவை சோதித்தும் ஒரு ஓட்டை அகப்படவில்லை.

"எனக்கப்புறம் நாலு பேர் அதுல கை வெச்சிருக்காங்க. எவனோ ஒருத்தன் கெடுத்திருக்கான்க்கா. அவனைப் பிடிச்சுக் காதைத் திருகி உன் முன்னாடி நிறுத்துறேன் பாரு."

ஏன் மேடம் அக்காவின் முன் குனிந்தார். "நீங்க எத்தனை மணிக்கு அழுத்தினீங்கம்மா?"

"பதினொண்ணு இருபது. மேல மெஷின் ரூம்ல. வாட்ச்சைப் பார்த்துட்டுத்தான் அழுத்தினேன்."

அப்போதுதான் அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்த மேனேஜர் சட்டென்று நின்றார். "கம்ப்யூட்டர்ல பதினொண்ணு நாப்பத்திரண்டுன்னு இருக்கு. நேரத்துலயே இருபத்திரண்டு நிமிஷம் பொய்! இவங்க சொல்றதுல எதை மேடம் நம்பறது?"

"பொய் சொல்றவங்க சரிபார்க்க முடியாத இடமாப் பார்த்துல்ல சொல்லுவாங்க?" என்றார் ஏன் மேடம். "வாட்ச்சைப் பார்த்தேன்னு ஏன் சொல்லணும்?"

சோடாபுட்டி அறிக்கையின் நகலை மேடத்திடம் நீட்டினான். முடிவு: பாஸ். குறிப்பு: எல்லாம் பக்கா.

"இந்தக் குறிப்பு நீங்க எழுதினதாம்மா?"

அக்கா படித்தார். முகம் மாறியது. "நான் 'கயிறு மாற்றும்வரை ஓட்டக்கூடாது'ன்னு எழுதினேன். இந்த மாதிரி எழுதற ஆள் எங்கள்ல ஒருத்தர்தான். மீசைக்காரர்."

சோடாபுட்டி அதற்குள் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தான்.

மீசைக்காரர் அக்காவின் ஜோடி இன்ஸ்பெக்டர். கம்பெனி விதிப்படி இன்ஸ்பெக்டர்கள் ஜோடியாகத்தான் போக வேண்டும், ஜோடியாகத்தான் திரும்ப வேண்டும். அவர் பின்கட்டு ஸ்டோரில் கயிற்றுச் சுருள் ஒன்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா பாஸ்வேர்ட் எப்படிய்யா உனக்குத் தெரியும்?" சோடாபுட்டி போன வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்தான். ஜோக் எதுவும் சேர்க்க மறந்துவிட்டான்.

"கையை எடு தம்பி. அந்தம்மாவும் நானும் எட்டு வருஷமா ஜோடி. அவங்க உள்ள போனா அடுத்து யார்கூட வேலை பார்க்கறதுன்னு நான் தூக்கம் இல்லாம கிடக்கேன்."

"அப்ப 'எல்லாம் பக்கா' எப்படி வந்துச்சு?"

"அது நான் போட்டதுதான். என் லிஃப்டுக்கு! அந்தக் கட்டடத்துல ரெண்டு லிஃப்ட். ஒண்ணாம் நம்பர் அவங்க, ரெண்டாம் நம்பர் நான். என்னுது பக்காவா இருந்துச்சு, பக்கான்னு போட்டேன்."

ஏன் மேடம் பின்னால் வந்து நின்றார். "எப்ப அழுத்தினீங்க?"

"பதினொன்னரை இருக்கும்."

மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல உங்களுது பதினொண்ணு நாப்பத்திரண்டு, ஒன்பது விநாடி. அவங்களுது அதே நாப்பத்திரண்டு, ஏழு விநாடி. ரெண்டு மெஷின் ரூம்ல ரெண்டு பேரு, பத்து நிமிஷ இடைவெளியில அழுத்தியிருக்கீங்க. வந்து சேர்ந்ததுல ரெண்டே விநாடிதான் வித்தியாசம். ஏன்?"

மீசைக்காரர் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "மேல சிக்னல் ஏது மேடம்? அழுத்தினா சக்கரம் சுத்திக்கிட்டே கிடக்கும். கீழ கேட்டைத் தாண்டினாத்தான் ஃபோன் 'டிங்'னு கத்தும். ஜோடியா வர்றோம்ல, ரெண்டும் சேர்ந்தே கத்தும். எங்களுக்கே சிரிப்பு வரும்."

ஏன் மேடம் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடப் பொய் யாருடையதும் இல்லை. ஃபோன் அதைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

"இன்னொண்ணும் கேளுங்க," என்றார் மீசைக்காரர் கடுப்போடு. "அந்தப் பாழாப்போன புரோகிராம்ல பக்கான்னு அனுப்பின லிஃப்ட் ஃபெயில்னு திரும்பி வரும். புகார் மேசைக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேஞ்சது."

புகார் மேசையில் இருந்த அம்மா சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். மணி ஒன்று ஐம்பது.

"மூணு வருஷத்துல பதினோரு புகார். எல்லாம் ஒரே ரகம். பாஸ் போட்டா ஃபெயில்னு வருதாம். மறுபடி அனுப்புங்கன்னு சொல்லுவேன். சரியாயிடும்."

"ஏன் சரியாயிடும்னு யாராவது கேட்டாங்களா?"

"சரியான பிறகு எதுக்கு மேடம் கேட்கணும்?"

சோடாபுட்டி நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினான். "போச்சு மேடம். பாஸ் ஃபெயிலா மாறினது பதினொண்ணு இருக்கு. ஃபெயில் பாஸா மாறினதா ஒண்ணுகூட இல்லையே! இதைக் கொண்டுபோய்க் காட்டினா, உங்க புரோகிராம் ரொம்ப ஜாக்கிரதையான புரோகிராம்னு மாலை போட்டு அனுப்புவாங்க."

"ஃபெயில்னு வந்தா அந்த ரிப்போர்ட் யாருக்குப் போகும்?"

"இன்ஸ்பெக்டருக்கே திரும்பி வரும். மறுபடி போய்ப் பார்க்கணும்ல? பார்த்ததும் கத்துவாரு."

"பாஸ்னு வந்தா?"

"நேரா கட்டடக்காரருக்குச் சான்றிதழ் போயிடும். இன்ஸ்பெக்டர் அதை மறுபடி பார்க்கவே..." சோடாபுட்டியின் வாய் பாதியில் நின்றது.

"பார்க்கவே மாட்டாரு," என்று முடித்தார் ஏன் மேடம். "நோட்டுல இருக்கறதெல்லாம் கத்தின தப்பு. கத்தாத தப்பு எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணு மட்டும் பன்னெண்டு நாளைக்கு முன்னாடி விழுந்து கத்திடுச்சு."

புகார் மேசை அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கட்டடத்தின் அடித்தளத்தில் கார்கள் நிற்கும் இடம். அங்கே சிக்னல் இல்லை. சோதனைக்கென்று வைத்திருக்கும் நகல் புரோகிராமைச் சோடாபுட்டி லேப்டாப்பில் திறந்து வைத்து, மேலே கேட்டருகில் மேடத்திடம் கொடுத்திருந்தான். அவன் ஃபோனில் ஃபெயில், குறிப்பு 'கயிறு அறுந்திருக்கு'. மீசைக்காரர் ஃபோனில் பாஸ், 'எல்லாம் பக்கா'. இருவரும் அழுத்தினார்கள். இரண்டு சக்கரமும் சுற்றின. சாய்தளம் ஏறி வெளியே வந்தார்கள். டிங். மீசைக்காரர் மெதுவாக ஏறி வந்ததில் பத்து விநாடி கழித்து இன்னொரு டிங்.

"சரியாத்தான் வந்திருக்கு," என்றார் மேடம்.

மறுபடி இறங்கினார்கள். மறுபடி சரி. மணி இரண்டு பத்து. மூன்றாவது தடவையும் சரி. சோடாபுட்டி சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. 'கடவுளே, ஒரே ஒரு தடவை தப்பா வாயேன்' என்று வேண்டிக்கொண்டான். தான் எழுதிய புரோகிராம் தப்பு செய்ய வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டினான்.

நான்காவது தடவை மீசைக்காரர் ஒரே ஒரு எட்டுதான் பின்தங்கினார். டிங். ஒரு மூச்சு இடைவெளி. டிங்.

ஏன் மேடம் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார். இரண்டு அறிக்கை. இரண்டும் பாஸ். இரண்டிலும் 'எல்லாம் பக்கா'. ஒன்றின் கீழே சோடாபுட்டியின் கோணல் கையெழுத்து.

மீசைக்காரர் அப்படியே சாய்தளத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் பக்காவா அந்த டீச்சரைப் படுக்க வெச்சுது?" என்றார். பெரிய மீசை கிடுகிடுவென்று ஆடியது.

"அழறது அப்புறம்," என்றார் மேடம். "சோடா, அஞ்சு விநாடிக்குள்ள ஜோடியா வந்து சேர்ந்து, ரெண்டும் ஒரே குறிப்போட பாஸ் ஆனது எல்லாம் எடு. இன்னிவரைக்கும்."

அவன் விரல்கள் பறந்தன. இருபத்தாறு ஜோடி வந்தது. எது உண்மையான பாஸ், எது பொய்ப் பாஸ் என்று தாளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பட்டியலில் நான்காவதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் ஏறும் லிஃப்ட்.

"அத்தனையும் நிறுத்தச் சொல்லு. நல்ல லிஃப்டும் சேர்ந்து நின்னா நிக்கட்டும்."

புகார் மேசை அம்மா ஒவ்வொரு கட்டடமாக ஃபோன் போட்டுக் கத்த ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். ஹெல்மெட் போடக்கூட நிற்கவில்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. சோடாபுட்டி கார் ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்துப் புரோகிராமின் உள்ளே போனான். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"பார்த்துட்டேன் மேடம். இந்த ஃப்ரேம்வொர்க்ல அறிக்கை வாங்கற கவுண்டர்ல ஒரே ஒரு குமாஸ்தாதான். ஆயிரம் பேர் வந்தாலும் அவனேதான் வாங்குவான். வாங்கின தாளைக் கையில வெச்சுக்கிட்டே வேலையை முடிச்சா பிரச்னை இல்ல. இவன் என்ன பண்றான், அக்காவோட தாளைச் சட்டைப் பையில சொருகிட்டுக் கையெழுத்தைப் பதிய வைக்கப் போறான். அதுக்கு நாலு விநாடி ஆகும். அதுக்குள்ள மீசைக்காரர் வர்றாரு. அவரோட தாளும் அதே பையிலதான். அக்கா தாள் காணாமப் போச்சு. திரும்பி வந்து பையில கையை விட்டு, கிடைச்ச தாளை அக்கா பேர்ல ஒட்டிட்டான்."

"குமாஸ்தாவுக்குப் பை வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

"ஃப்ரேம்வொர்க் கையேட்டுல முதல் பாடமே அதுதான் மேடம்! எந்த முட்டாள் இந்தப் பையைத் தைச்சான்னு இப்பப் பார்த்துடலாம். ஒவ்வொரு வரிக்கும் எழுதினவன் பேரும் தேதியும் இருக்கும்." நாலு பேரில் எவன் என்று பார்க்கும் வெறியில் பொத்தானைத் தட்டினான்.

பெயர் வந்தது. தேதியும் வந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். பெயர் மாறவில்லை. அந்தத் தேதியும் அவனுக்கு மறக்கக்கூடிய தேதி இல்லை. அக்காவுக்கு இரண்டாவது பெண் பிறந்த நாள். புரோகிராமில் கையெழுத்தைச் சேர்க்கும் வேலையை அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்க்கப் போகும் அவசரத்தில் தாளைக் கையோடு கையாகக் கடத்தச் சோம்பல்பட்டு, தற்காலிகமாக ஒரு பை. நாளைக்கு வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தான். பிறகு இருநூறு தடவை சோதித்தான், தனி ஆளாக உட்கார்ந்து. தனி ஆளுக்குப் பையில் தாள் மாறவே மாறாது.

"மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையில சந்தேகம் வந்துச்சு."

"ஏன் சொல்லல?" அவரிடம் அவன் கேட்ட முதல் ஏன் அதுதான்.

"சொல்லியிருந்தா என்கூட வாதாடியிருப்ப. தேடியிருக்க மாட்ட." அவர் லேப்டாப்பை மூடினார். "உள்ள நான் எப்படி நடந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லப்போறேன். யார்னு சொல்றது உன் பாடு."

விசாரணை அறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், வக்கீல், சாதாரண உடையில் போலீஸ் இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கம் அக்கா தனியாக. சோடாபுட்டி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். கால் முட்டி இரண்டும் நிற்காமல் ஆடின.

ஏன் மேடம் பத்து நிமிடத்தில் முடித்தார். சிவப்பு நோட்டு, இரண்டு விநாடி, சட்டைப் பை. நான்காவது தடவை வந்த இரண்டு பக்காவையும் சுவரில் காட்டினார். நடுவில் அவர் ஃபோன் ஒளிர்ந்தது. படித்துவிட்டு, "ஆஸ்பத்திரி லிஃப்டை நிறுத்தியாச்சாம். கயிறு நைஞ்சிருக்காம்," என்றார். அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவருடைய விரல்மேல் அவருக்கே நம்பிக்கை வந்தது.

போலீஸ் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அப்ப இந்தம்மா மேல தப்பில்ல. ஆனா ஒருத்தர் அங்க நினைவில்லாம கிடக்காங்க. யார் பொறுப்பு? இதை எழுதினது யாரு?"

"வெளியே கொடுத்துச் செஞ்சது சார். அந்தக் கம்பெனியை இப்ப இழுத்து மூடிட்டாங்க," என்றார் மேனேஜர். "எழுதின ஆள் யார்னு எங்களுக்குத் தெரியாது."

அக்காவுக்குத் தெரியும்.

விம்மல் நின்றது. கை முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அவன் முட்டி ஆடுவதைப் பார்த்தார். வேறு எதுவும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று இலேசாகத் தலையசைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சார், எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. நான் பாஸ்தான் அழுத்தினேன். புரோகிராம் மேல தப்பில்ல. என் கைதான் தப்பு. எழுதிக்கங்க."

ஏன் மேடம் கண்களை மூடித் திறந்தார். இன்ஸ்பெக்டரின் பேனா தாளில் இறங்கப்போனது.

"அக்கா, உட்காரு," என்றான் சோடாபுட்டி.

"நீ சும்மா இருடா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"உட்காருக்கா. நீ அழுத்தினது ஃபெயில்தான். அதைப் பாஸாக்கினது நான்." எழுந்து மேசைவரை நடந்தான். "எழுதிக்கங்க சார். அந்த வரி என்னுது. முதல் பாடத்தைப் படிக்காம எழுதினேன். தனியா சோதிச்சேன். அது பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்."

அக்கா அவன் சட்டை முதுகைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவன் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பேர் என்ன?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் எப்போதும் ஏழெட்டு ஜோக் தயாராக இருக்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை. அம்மாவும் அப்பாவும் வைத்த பெயரைச் சொன்னான்.